பாதியில் நிற்கும் பாட்டும் இரண்டு குரல்களும்

பாய்மரக் கப்பலில் மாலுமிகள் வேலையோடு பாடிய ஷாண்டிக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. பாய் ஏறும்வரை பாட்டு ஓடும். பாயைத் தாங்கும் பருமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும், வேலையை மேற்பார்க்கும் மேட் 'பிலே!' என்று ஒரு சத்தம் கொடுப்பார். கயிற்றை முளையில் சுற்றிக் கட்டு என்று அர்த்தம். பாட்டு அந்த நொடியே நின்றுவிடும். கதை எந்த இடத்தில் இருக்கிறது, காதலி கதவைத் திறந்தாளா, கேப்டன் கரை சேர்ந்தாரா என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. கை ஓய்ந்தால் வாயும் ஓய்ந்தது.

இது தெரிந்த பிறகுதான் ஆங்கில நாட்டுப்பாடல் இணைகளை நான் வேறு காதோடு கேட்க ஆரம்பித்தேன். இரண்டு பேர், சில சமயம் கூடவே கான்சர்டினா என்ற சிறிய கைத்துருத்தி வாத்தியம், பெரும்பாலும் வெறும் குரல்தான். ஒரே மாலையில் தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் வயல்காட்டுப் பாட்டு ஒன்று, தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைச் சுற்றிவந்த கப்பல் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பாடுவார்கள். கேட்பவருக்கு இரண்டுமே பழைய இங்கிலாந்துப் பாட்டுகள்தான். ஆனால் அவை பிறந்த இடமும் வேறு, செய்த வேலையும் வேறு. இருபது பேர் சேர்ந்து இழுத்த பாட்டை இரண்டு பேர் நின்றுகொண்டு பாடும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடாமலே இருந்த கேள்வி.

முதலில் பாட்டு செய்த வேலையைப் பார்த்துவிடலாம்.

ஷாண்டி என்றால் வேலைப்பாட்டு. நம் கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாவைப் போல, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிக் கொடுப்பது. எடுத்துக் கொடுப்பவருக்கு ஷாண்டிமேன் என்று பெயர். எல்லா வேலைக்கும் ஒரே பாட்டு பொருந்தாது. பாயை மேலே ஏற்றும் ஆஞ்சான் கயிற்றுக்கு ஒரு வகை: ஷாண்டிமேன் ஒரு வரி பாடுவார், அந்நேரம் ஆட்கள் பிடியை மாற்றி மூச்சு வாங்கிக்கொள்வார்கள், பதில் வரியில் இரண்டு இழுப்பு. குறுகிய தூரம், ஆனால் பெரும்பாரம் என்றால் இன்னொரு வகை: நீளமான வரி முழுவதும் காத்திருந்து கடைசிச் சொல்லில் மட்டும் ஒரே இழுப்பு. நங்கூரம் தூக்கும் கேப்ஸ்டனுக்கு வேறு. அது நட்டுவைத்த பெரிய உருளை. அதில் செருகிய கம்புகளை நெஞ்சில் அணைத்துத் தள்ளியபடி ஆட்கள் மணிக்கணக்கில் சுற்றி நடப்பார்கள். அங்கே வெட்டி இழுக்கும் தாளம் தேவையில்லை. அதனால்தான் 'ஷெனன்டோவா' போன்ற கேப்ஸ்டன் பாட்டுகளில் ராகம் அவ்வளவு நீண்டு வளைகிறது. மரக்கப்பலின் அடியில் ஊறும் நீரை இறைக்கும் பம்புக்கு இன்னும் ஒரு வகை உண்டு. வேலை முடிந்து முன்தளத்தில் உட்கார்ந்து பொழுதுபோக்காகப் பாடிய பாட்டுகளோ ஷாண்டி கணக்கிலேயே சேராது. அவற்றை ஃபோர்பிட்டர் என்றார்கள்.

எழுத்தில் படித்தபோது இதெல்லாம் எனக்கு வெறும் வகைப்பாடாகத்தான் இருந்தது. ஒருநாள் எங்கள் ஊர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது 'ஹால் அவே ஜோ' என்ற பாட்டை வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். ராட்டினம் பழையது, வாளி கனமானது. அந்தப் பாட்டில் 'ஜோ' என்ற கடைசிச் சொல்லில்தான் இழுப்பு. முந்தின வரி ஓடும்போது வலது கை தானாக மேலேறிக் கயிற்றின் ஈரமான இடத்தைப் பிடித்துக்கொண்டது. உடம்பு பின்னால் சாயத் தயாரானது. 'ஜோ' வந்தபோது நான் இழுத்தேனா, சொல் இழுத்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அந்தச் சொல்லைப் பாடியதாகவும் சொல்ல முடியாது. அது அடிவயிற்றிலிருந்து உறுமலாக வந்தது. நான்காவது வாளியில் வரிகள் தீர்ந்துபோய், தோன்றியதையெல்லாம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். வாளி விளிம்புக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். ஷாண்டிமேனின் வேலை இதுதான். தெரிந்த வரி தீர்ந்தால் புது வரி, அடுத்த பாட்டிலிருந்து திருடிய வரி, சமையற்காரரையோ மேட்டையோ குத்திக்காட்டும் வரி. வேலை முடியும்வரை சரக்கு தீரக்கூடாது. நல்ல பாட்டு கயிற்றில் பத்து ஆளுக்குச் சமம் என்று மாலுமிகள் சொன்னதை நான் மிகையாக எடுத்துக்கொள்வதில்லை.

இவை பிரிட்டிஷ் கடற்படையின் பாட்டுகள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கடற்படைக் கப்பல்களில் ஷாண்டிக்கு இடமே இல்லை. 74 பீரங்கிகள் ஏற்றிய போர்க்கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்கள் இருந்தார்கள். அங்கே அமைதியும் ஒழுங்கும்தான் சட்டம். வேலைக்குத் தாளம் கொடுக்க ஒரு பிடில்காரரோ ஊதலோ போதும். பாட்டு தேவைப்பட்டது வணிகக் கப்பலுக்கு. 1818 ஜனவரியில் பிளாக் பால் நிறுவனம் நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் இடையே, சரக்கு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் குறித்த தேதியில் புறப்படும் கப்பல் சேவையைத் தொடங்கியது. வேகமும் நேரமும் காசாயின, ஆட்களோ கொஞ்சம். இருக்கிற கைகளை ஒரே நொடியில் சேர்த்து இழுக்கவைக்கப் பாட்டைவிட மலிவான கருவி கிடையாது.

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் 'ஆங்கிலப் பாரம்பரியம்' என்ற பெயர்ப்பலகை மறைத்துவிடுகிறது. ஒருவர் அழைக்கப் பலர் பதில் தரும் இந்த அமைப்பில் பெரும்பங்கு அமெரிக்காவின் தென்துறைமுகங்களிலும் கரீபியத் தீவுகளிலும் உழைத்த கறுப்பினத் தொழிலாளர்களுடையது. அலபாமாவின் மொபைல், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகங்களில் பஞ்சு மூட்டைகளைக் கப்பலின் வயிற்றுக்குள் திருகு ஜாக்கிகளால் இறுக்கித் திணிக்கும் வேலை பாட்டோடு நடந்தது. கடல்வேலை இல்லாத குளிர்காலத்தில் ஐரிஷ், பிரிட்டிஷ் மாலுமிகளும் அங்கே கூலிக்குப் போனார்கள். திரும்பிக் கப்பலேறும்போது பாட்டையும் கொண்டுபோனார்கள். மாலுமியாக இருந்து ஷாண்டிகளைத் தொகுத்த ஸ்டான் ஹ்யூகில் மொபைலை ஷாண்டிச் சந்தை என்றே அழைத்தார். லிவர்பூல் மதுக்கடையில் பாடிய பாட்டின் எலும்பு அலபாமாவில் செய்தது என்பதைச் சொல்லாமல் இந்த இசையைக் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

பாய்மரக் காலம் முடிந்தபோது ஷாண்டியின் வேலையும் போயிற்று. 1869 நவம்பரில், ஐந்து நாள் இடைவெளியில், சூயஸ் கால்வாய் திறந்தது; ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் 'கட்டி சார்க்' என்ற தேயிலைக் கப்பல் நீரில் இறங்கியது. பாய்மரக் கப்பல்களில் அது உச்சம். ஆனால் அதன் வியாபாரத்தைப் பறிக்கும் வழி அதற்கு முன்பே திறந்துவிட்டது. கால்வாய் நீராவிக் கப்பலுக்கானது. கயிற்றை இழுக்கும் நீராவி விஞ்சு இயந்திரத்துக்குத் தாளம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பாட்டுகள் தப்பியது சில கிழவர்களின் நினைவில். சாமர்செட்டின் வாட்செட் என்ற சிறு துறைமுகத்தில் ஜான் ஷார்ட் இருந்தார். 1839-இல் பிறந்தவர்; அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பலில் வேலை செய்ததால் ஊரில் 'யாங்கி ஜாக்'. கடலை விட்டபின் வாட்செட்டின் தண்டோராக்காரர். 1914-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் அவரைத் தேடிப் போனபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷாண்டிகளைப் பாடிக்காட்டினார். ஷார்ப் அதே ஆண்டு வெளியிட்ட ஷாண்டித் தொகுப்பில் பெரும்பகுதி இந்த ஒரே மனிதர் பாடியது. கயிறும் இல்லை, பதில் சொல்ல ஆட்களும் இல்லை. எடுத்துக் கொடுக்கும் வரியையும் திருப்பிக் கொடுக்கும் வரியையும் அவரே பாடினார். எதிரே ஒருவர் குறித்துக்கொண்டிருந்தார். பாட்டு எந்த இடத்தில் நின்றதோ அதுவே அச்சில் முடிவாயிற்று.

இந்த இடத்தில் நிலத்துப் பாட்டுக்குக் கொஞ்சம் திரும்ப வேண்டும். இரண்டு குரல் என்ற வடிவம் இங்கிலாந்தில் அங்கேதான் தன் இயல்பில் இருந்தது.

1898-இல் லண்டனில் நாட்டுப்பாடல் சங்கம் தொடங்கியது. அதன் செயலாளர் கேட் லீ அவ்வாண்டு நவம்பரில் சசெக்ஸ் கடலோர ஊரான ராட்டிங்டீனுக்கு வந்து தங்கினார். ஜேம்ஸ் காப்பர், தாமஸ் காப்பர் என்ற இரண்டு சகோதரர்களை அவர் தங்கிய வீட்டுக்கு அழைத்தார்கள். ஊரில் 'பிராசர்' என்று அழைக்கப்பட்ட ஜேம்ஸ் பண்ணை மேற்பார்வையாளர். தாமஸ் அங்கிருந்த பிளாக் ஹார்ஸ் பப்பை நடத்தியவர். மேசையில் ஒரு பாட்டில் விஸ்கி வைத்து, பாடச் சொன்னார்கள். அவர்கள் பாடினார்கள், இரண்டு குரலில். ஒருவர் ராகம், மற்றவர் அடிக்குரல். சங்கம் அடுத்த ஆண்டு வெளியிட்ட முதல் இதழில் அந்தப் பாட்டுகள் வந்தன; அண்ணன் தம்பி இருவரும் சங்கத்தின் கௌரவ உறுப்பினர்கள் ஆனார்கள்.

ஆங்கில நாட்டுப்பாடல் என்றால் ஒற்றைக் குரல்தான் என்று சேகரிப்பாளர்கள் பலர் நம்பிவந்த காலத்தில் இந்தக் குடும்பம் இரட்டைக் குரலை வாரிசுச் சொத்தாகக் கைமாற்றியது. பிராசருக்குப் பின் மகன்கள் ஜிம், ஜான். அவர்களுக்குப் பின் ஒன்றுவிட்ட சகோதரர்களான பாப், ரான். ஜிம் காப்பர் 1936-இல் குடும்பப் பாடல்களை ஒரு நோட்டில் கையால் எழுதிவைத்தார். 1950-இல் பிபிசி வானொலி அவர்களைக் கண்டுகொண்டது. பிறகு பாப் காப்பரே சில ஆண்டுகள் பிபிசிக்காகக் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார்.

பாப், ரான் இருவரின் பழைய பதிவுகளைக் கேட்கும்போது நான் திரும்பத் திரும்ப ஒரு விஷயத்தில்தான் நிற்கிறேன். ரானின் அடிக்குரல் பாப்புக்குத் துணைபோகும் குரல் இல்லை. அதற்குத் தனி நடை உண்டு. வரியின் நடுவில் இரண்டும் பிரிகின்றன, சில இடத்தில் மூன்றாம் சுரத்தில் ஒட்டி நடக்கின்றன, திடீரென்று ஒரே சுரத்தில் வந்து சேருகின்றன. சேரும் அந்த இடம் ஒரு கதவு சாத்திக்கொள்வதுபோல இருக்கும். அவசரமே கிடையாது. ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் காலம், அறுவடைக் காலம் என்று ஆண்டு முழுவதையும் பாட்டாக வைத்திருந்த குடும்பம் அது. பாட்டை முடித்துவைக்க மேட் வரவேண்டியதில்லை. நிலத்துப் பாட்டுக்குக் கதை உண்டு, கதைக்கு முடிவு உண்டு. ரான் 1978-இல் காலமானார். பாப் 2004 மார்ச்சில், பக்கிங்ஹாம் அரண்மனையில் விருது வாங்கிய நான்காம் நாள் போய்ச் சேர்ந்தார். அடுத்த தலைமுறை பாடிக்கொண்டிருக்கிறது.

கடல் பாட்டுக்கு இப்படி ஒரு குடும்பம் வாய்க்கவில்லை. கப்பல் ஆட்கள் கலைந்துபோகிறவர்கள். அந்தப் பாட்டுகளை 1950-களில் மேடைக்கும் இசைத்தட்டுக்கும் கொண்டுவந்ததில் யூவன் மக்கால், ஏ. எல். லாயிட் என்ற இருவருக்குப் பெரிய பங்கு உண்டு. மக்கால் 1915-இல் சால்ஃபோர்டில் ஸ்காட்டிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர், நாடகக்காரர். லாயிட் 1908-இல் லண்டனில் பிறந்து, பதின்ம வயதில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு, நியூ சவுத் வேல்ஸின் ஆட்டுப்பண்ணைகளில் வேலை செய்தவர். 1937-38இல் 'சதர்ன் எம்ப்ரஸ்' என்ற திமிங்கலக் கப்பலில் அண்டார்டிக் கடலுக்குப் போனவர். இருவரும் கம்யூனிஸ்டுகள். உழைக்கும் மக்கள் தங்களுக்கென்று உண்டாக்கிய கலை இது, இதை அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய தீவிரமான நம்பிக்கை. தொழிலாளர் இசைச் சங்கத்திலிருந்து 1939-இல் பிறந்த டாபிக் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவர்களுடைய ஷாண்டித் தட்டுகளை வெளியிட்டது.

இவர்களிடம் காப்பர் வகை ஒத்திசைவைத் தேடினால் ஏமாற்றம்தான். மக்காலின் குரல் உறுதியானது. ஒரு கையைக் காதில் குவித்து, வரியை அடித்து நிறுத்துவார். லாயிட் உச்சக் குரலில், சிரித்துக்கொண்டே சொல்வதுபோலப் பாடுவார். ஒருவர் ஷாண்டிமேனாக முன்னே போக, மற்றவர் சில துணைக்குரல்களோடு பதில் தருவார். இரண்டு பேரில் ஒருவர் அழைப்பு, ஒருவர் கப்பல் முழுவதும். பாய் ஏற்ற யாரும் இல்லாத ஸ்டூடியோவில் அந்த இழுப்பைக் கேட்கவைக்க வேண்டும். பதில் வரியின் முதல் அசையில் அவர்கள் கொடுக்கும் அழுத்தத்தைக் கவனியுங்கள். அங்கே கயிறு இருக்கிறது.

என் மனதை அதிகம் உறுத்துவது இதற்கு அடுத்த கட்டம். அரைகுறையாகக் கிடைத்த பாட்டை மேடையில் முழுதாகப் பாட வேண்டுமானால் யாராவது அதை முடித்துவைக்க வேண்டும். லாயிட் அதைச் செய்தார். ஒரு பாட்டின் சொல்லோடு இன்னொன்றின் மெட்டு, நாலு ஊர்களில் கிடைத்த துண்டுகளைச் சேர்த்து ஒன்று, விட்டுப்போன இடத்தில் தன் கைவரி. 'ரேனார்டைன்' என்ற பழைய பாட்டில் வருபவன், 19ஆம் நூற்றாண்டுத் தெருவிற்பனைத் தாள்களில் மலைக்காட்டில் ஒளிந்து திரியும் சட்டவிரோதி, அவ்வளவுதான். லாயிட் பாடிப் பரப்பிய வடிவத்தில் அவன் பல் மின்னும் நரிமனிதன் ஆகிவிட்டான். எழுபதுகளின் பாடகர்கள் அந்த நரியைத்தான் பல நூற்றாண்டுப் பழமை என்று நம்பிப் பாடினார்கள். லாயிட்டின் கைவேலை எவ்வளவு என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டவேண்டியிருந்தது.

அவர் வரி சேர்த்ததை நான் குற்றமாக எண்ணவில்லை. எந்த ஷாண்டிமேனும் ஒரு நாளில் பத்து தடவை செய்ததுதான் அது. ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி பாடிய ஷாண்டிமேனை யாரும் மெச்சியிருக்க மாட்டார்கள். ஆனால் தளத்தில் கயிறு பிடித்தவர்களுக்கு அது அன்றைக்குக் கட்டிய வரி என்று தெரியும், சிரித்ததே அதற்காகத்தான். தட்டு வாங்கிக் கேட்டவருக்கு அது தெரியாது. தட்டின் உறையில் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதிய லாயிட், இது நான் சேர்த்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அவரை மிகவும் நேசிப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மக்காலின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. நார்ஃபோக் கரையின் விண்டர்டனைச் சேர்ந்த ஹெர்ரிங் மீனவர் சாம் லார்னர், 1878-இல் பிறந்தவர். அவரும் மற்ற மீனவர்களும் பேசியதை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பேச்சின் சொற்களையும் மூச்சையும் கொண்டு 1960-இல் பிபிசிக்காக மக்கால் ஒரு மீன்பிடிப் பாட்டு எழுதினார். எழுதியவர் பெயர் வெளிப்படையாகவே இருந்தது. ஆனாலும் அது கைமாறிக் கைமாறி அயர்லாந்தில் மரபுப் பாட்டாகவே உலவத் தொடங்கியது. 'ஷோல்ஸ் ஆஃப் ஹெர்ரிங்' (ஹெர்ரிங் கூட்டம்) என்ற தலைப்பு ஒலி மருவி 'ஷோர்ஸ் ஆஃப் எரின்' (அயர்லாந்தின் கரை) ஆகிவிட்டது.

கடலில் பாடியே வாழ்ந்த ஒருவரும் இந்த மேடைக் காலத்தில் இருந்தார் என்பது எனக்கு ஆறுதல். ஸ்டான் ஹ்யூகில், 1906-இல் பிறந்தவர், பிரிட்டனின் கடைசிப் பெரிய வணிகப் பாய்மரக் கப்பலான 'கார்த்பூல்' 1929-இல் கேப் வெர்டே தீவருகே தரைதட்டியபோது அதில் இருந்தார். 1961-இல் அவர் வெளியிட்ட பெருந்தொகுப்புதான் இன்றும் ஷாண்டி பாடுகிறவர்களின் கைநூல். கறுப்பினப் பாடகர்களிடமிருந்து மாலுமிகள் கற்ற, குரலை நடுவில் உடைத்து மேலே எகிறவைக்கும் ஒரு வித்தையை அதில் விளக்கியிருக்கிறார். அச்சில் அதைப் பிடிக்க முடியாது என்பதால் மேடை மேடையாகப் போய்ப் பாடியும் காட்டினார்.

2021 ஜனவரியில் இதெல்லாம் ஒரு சுற்று திரும்பி வந்தது. ஸ்காட்லாந்தின் ஏர்ட்ரியைச் சேர்ந்த தபால்காரர் நேதன் எவன்ஸ் டிக்டாக்கில் பாடிய 'வெல்லர்மேன்' எங்கும் பரவியது. அது கண்டிப்பான கணக்கில் ஷாண்டி இல்லை. நியூசிலாந்துத் திமிங்கல வேட்டைக் கதைப்பாட்டு. வெல்லர் சகோதரர்கள் 1831-இல் ஒடாகோவில் வேட்டை நிலையம் அமைத்தவர்கள். அவர்களுடைய சரக்குக் கப்பலுக்கான காத்திருப்புதான் பாட்டு. எவன்ஸ் பாடியது ஒற்றைக் குரல். அந்தச் செயலியில் 'டூயட்' என்று ஒரு வசதி உண்டு. யாரோ ஒருவர் அதில் அடிக்குரல் சேர்த்தார், அதன்மேல் இன்னொருவர், அதன்மேல் ஒரு பிடில். ஊரடங்கில் தனித்தனி அறையில் இருந்தவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்தே ஒரு கப்பல் ஆட்களை உண்டாக்கிவிட்டார்கள்.

பப்பின் மாடியறையில் பாடும் இணைக்கு அந்தக் கப்பல் ஆட்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் அழைக்கிறார், மற்றவர் பதில் வரியைக் கொஞ்சம் உரக்க, கொஞ்சம் முன்கூட்டியே எடுக்கிறார். அது கேட்பவர்களுக்கான சைகை. இரண்டாவது சுற்றில் அறையே பதில் சொல்கிறது. அதன்பின் அந்த இரண்டாம் பாடகர் பதில் வரியைக் கூட்டத்திடம் விட்டுவிட்டு மேலே ஒரு சுரம் ஏறிப் போய்விடலாம். கப்பல் தளத்தில் யாருக்கும் தேவைப்படாத ஒத்திசைவு அப்போது வருகிறது. ஆஞ்சான் பாட்டுக்குள் காப்பர் குடும்பத்தின் அடுப்படி நுழைகிறது.

கடைசிப் பாட்டாகப் பல இடங்களில் 'லீவ் ஹர் ஜானி' வரும். பயணம் முடிந்து துறை சேர்ந்தபின், கடைசித் தடவையாகப் பம்பில் நின்று நீரை இறைக்கும்போது பாடியது. நடுக்கடலில் அதைப் பாடினால் கலகத்துக்குச் சமம். கெட்ட சாப்பாடு, கெட்ட கேப்டன், குறைந்த கூலி என்று மாதக்கணக்கில் அடக்கிவைத்ததெல்லாம் அதில் வரியாக இறங்கும். மேடையில் அதை நிறுத்த 'பிலே' சொல்ல ஆள் இல்லை. இருவரும் சற்றே திரும்பி ஒருவர் வாயை மற்றவர் பார்க்கிறார்கள். ஒருவர் முகவாயை லேசாக உயர்த்துகிறார். பதில் வரி பாதி வேகத்துக்கு இறங்குகிறது, கூட்டமும் தானாகவே கூட இறங்குகிறது, இரண்டு குரலும் ஒரே சுரத்தில் வந்து நிற்கின்றன.